கார்டை மாற்றும் முன்: சில கேம்களில் மட்டும் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆவது ஏன்?

கேள்வியைச் சுருக்கமாக முதலில் வைத்துவிடுகிறேன். கேட்டவருக்குச் சேலம் அம்மாப்பேட்டையில் வீடு. கீழே விசைத்தறி ஓடுகிறது, மாடியில் கம்ப்யூட்டர். ரைசன் 5 5600 பிராசசர், செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆர்டிஎக்ஸ் 3070 கிராபிக்ஸ் கார்டு, பழைய 550 வாட் எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள் எல்லாப் பாகங்களுக்கும் கரண்ட் தரும் பெட்டி), 600 விஏ யூபிஎஸ். ராம் முதலில் இரண்டு 8 ஜிபி. பிறகு வேறு கம்பெனியில் இன்னும் இரண்டு வாங்கிப் போட்டிருக்கிறார். வேலோரன்ட் மணிக்கணக்கில் ஓடும். சினிமா, பிரவுசர் எதிலும் தொல்லை இல்லை. சைபர்பங்க் 2077 போட்டால் மட்டும் கால் மணி நேரத்துக்குள் திரை கறுத்து மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. இன்னொரு ஓப்பன் வேர்ல்டு கேம் ரீஸ்டார்ட் ஆகாமல், எந்தச் செய்தியும் காட்டாமல் மூடிக்கொண்டு டெஸ்க்டாப்புக்கு வந்துவிடுகிறது. கடையில் "கார்டு போச்சு, மாத்திடலாம்" என்கிறார்கள். மாற்றலாமா?

இப்போதைக்கு வேண்டாம் தம்பி. நீங்கள் சொன்ன அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் கார்டு மூன்றாவது சந்தேகம்தான். முதல் சந்தேகம் கரண்ட் வரும் வழி, அதாவது யூபிஎஸ்ஸும் எஸ்எம்பிஎஸ்ஸும். இரண்டாவது, பின்னால் சேர்த்த ராம். இரண்டையும் பைசா செலவில்லாமல் வீட்டிலேயே சோதித்துவிடலாம். கார்டை மாற்றிய பிறகும் அதே இடத்தில் அதே மாதிரி நின்றால், போன பணம் போனதுதான்.

கேம் நின்றுபோகிறது என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். எப்படி நிற்கிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. கேம் மட்டும் மூடிக்கொண்டு டெஸ்க்டாப் வந்துவிட்டால், விண்டோஸ் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த நிரலுக்குள் ஏதோ ஒரு தகவல் கெட்டிருக்கிறது. திரை சில நொடி உறைந்து, கறுத்து, திரும்ப வந்து "டிஸ்ப்ளே டிரைவர்" என்று ஏதாவது செய்தி காட்டினால், கார்டோ அதன் டிரைவரோ பதில் சொல்லாமல் இருந்திருக்கிறது. கார்டு 2 நொடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் அதை ரீசெட் செய்து பார்க்கும். அதுவும் நடக்கவில்லை என்றால் புளூ ஸ்கிரீன். மூன்றாவது வகைதான் உங்களுடையது: புளூ ஸ்கிரீனும் இல்லை, செய்தியும் இல்லை, யாரோ ஒயரைப் பிடுங்கியது மாதிரி படக்கென்று போய்த் திரும்ப பூட் ஆகிறது. பிழையைக் குறித்து வைக்கக்கூட விண்டோஸுக்கு நேரம் கிடைக்கவில்லை என்று அர்த்தம். இந்த வகையில் பெரும்பாலும் கரண்ட்தான் காரணம்.

ஒன்றை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். புளூ ஸ்கிரீன் வந்தவுடன் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படிதான் விண்டோஸ் அமைக்கப்பட்டிருக்கும். அதனால் புளூ ஸ்கிரீன் வந்துபோனதே கண்ணில் படாமல் இருக்கலாம். சிஸ்டம் பிராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு, அதில் ஸ்டார்ட்டப் அண்ட் ரெகவரி என்று போய் "ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்" என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். இனி புளூ ஸ்கிரீன் வந்தால் திரையிலேயே நிற்கும். போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். டிக்கை எடுத்த பிறகும் படக்கென்று ரீஸ்டார்ட் ஆனால் பெரும்பாலும் கரண்ட்தான், முதலில் அந்தப் பக்கம் போகலாம்.

அடுத்து ஈவென்ட் வியூவர், விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் பதிவேடு. அதில் சிஸ்டம் பகுதியில் "கெர்னல் பவர் 41" என்று சிவப்பில் ஒரு வரி இருக்கும். இதைப் பார்த்ததும் "41 தான் காரணம்" என்று தேட ஆரம்பித்துப் பலர் நாள்கணக்கில் அலைகிறார்கள். 41 காரணத்தைச் சொல்லாது. போன தடவை மெஷின் ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை என்று, திரும்ப எழுந்த பிறகு விண்டோஸ் எழுதி வைக்கும் குறிப்பு அது, அவ்வளவுதான். டீட்டெயில்ஸ் பக்கத்தில் பக்செக் கோடு என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே 0 இருந்தால் கரண்ட் போனது அல்லது மெஷின் அப்படியே ரீசெட் ஆனது. வேறு எண் இருந்தால் புளூ ஸ்கிரீன் வந்திருக்கிறது. அதற்குச் சற்று முன்னால் "வியா லாகர்" (WHEA-Logger) என்ற பெயரில் வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். அதில் 18 இருந்தால் பிராசசர் பக்கம் வன்பொருள் பிழை. 17 இருந்தால் பெரும்பாலும் ஸ்லாட் இணைப்பில் பிழை; கார்டு சரியாக உட்காராதது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

சரி, வேலோரன்ட் ஓடும்போது வராத தொல்லை சைபர்பங்கில் மட்டும் ஏன் வருகிறது? கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆர்டிஎக்ஸ் 3070 முழு வேகத்தில் 220 வாட் எடுக்கும். உங்கள் பிராசசர் மொத்தமாக எடுக்கும் வரம்பு 76 வாட். மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன்கள் எல்லாம் சேர்த்து ஒரு 50 வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் கிட்டத்தட்ட 350 வாட். எஸ்எம்பிஎஸ் 85 சதவீதத் திறனில் வேலை செய்தால் சுவரிலிருந்து 410 வாட் போல இழுக்கும். மானிட்டருக்கு 30 சேர்த்தால் 440. இப்போது உங்கள் யூபிஎஸ்ஸின் அடியில் இருக்கும் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். 600 விஏ என்று பெரிதாகப் போட்டிருக்கும். பக்கத்தில் சின்ன எழுத்தில் 360 வாட் என்று இருக்கும். வாட்தான் உண்மையான தாங்கு அளவு. வேலோரன்ட் கார்டை முழுசாகப் பயன்படுத்துவதே இல்லை, அதனால் 360க்குள் அடங்கிவிடும். சைபர்பங்க் கார்டையும் பிராசசரையும் ஒரே நேரத்தில் முழுக்க வேலை வாங்கும்.

மெயின்ஸ் இருக்கும்போது இந்த வகை யூபிஎஸ் சுவர் கரண்டை அப்படியே கடத்திவிடும், அதனால் 440 வாட்டையும் எப்படியோ சமாளிக்கும். வோல்டேஜ் ஒரு நொடி இறங்கினால் அது பேட்டரிக்குத் தாவும். தாவிய அந்த நொடியில் 360 வாட் தாங்கும் பெட்டியின் தலையில் 440 வாட் விழுகிறது. ஓவர்லோடு என்று கையை விரித்துவிடும். உங்கள் தெருவில் தறி மோட்டார்கள் ஒவ்வொன்றாக ஸ்டார்ட் ஆகும்போது லைட் ஒரு கணம் மங்கித் திரும்ப வருவதைப் பார்த்திருப்பீர்கள். மோட்டார் கிளம்பும்போது ஓடும் கரண்டைப் போலப் பல மடங்கு இழுக்கும். அதுதான் மங்கலுக்குக் காரணம். அந்த ஒரு கணம் போதும். பிரவுசர் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் ஆகாது. கேம் உச்சத்தில் இருந்தால் மெஷின் போய்விடும். "கேம்தான் கெடுக்கிறது" என்று தோன்றுவது இதனால்தான்.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். மெஷின் போகும் அந்த நேரத்தில் யூபிஎஸ்ஸிலிருந்து "டிக்" என்று ரிலே சத்தம் வருகிறதா? மானிட்டரின் சின்ன லைட்டும் சேர்ந்து அணைகிறதா? இரண்டும் சேர்ந்து அணைந்தால் யூபிஎஸ் கையை விட்டுவிட்டது. டிக் சத்தம் வந்தும் மானிட்டர் லைட் எரிந்துகொண்டிருந்தால், பேட்டரிக்கு மாறும் இடைவெளியை எஸ்எம்பிஎஸ் தாங்கவில்லை. சத்தமே இல்லாமல், மானிட்டர் மட்டும் "நோ சிக்னல்" காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கோளாறு கேபினெட்டுக்குள்.

அந்த இடைவெளியைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், நம் ஊர் நிலவரத்துக்கு இது முக்கியம். கரண்ட் நின்ற பிறகும் நல்ல எஸ்எம்பிஎஸ் தன் பெரிய கெப்பாசிட்டரில் சேர்த்து வைத்ததைக் கொண்டு 16, 17 மில்லி செகண்ட் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். லோடு குறைவாக இருந்தால் அதைவிடக் கூடுதலாகவே தாங்கும், லோடு ஏறினால் நேரம் குறையும். கெப்பாசிட்டர் பழசானால் இன்னும் குறையும். வீட்டு இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் அதன் பின்பக்கம் இருக்கும் சின்ன ஸ்விட்ச்சைப் பாருங்கள். நார்மல் மோடு, யூபிஎஸ் மோடு என்று இரண்டு இருக்கும். நார்மல் மோடில் வோல்டேஜ் ரொம்ப இறங்கும் வரை இன்வெர்ட்டர் சும்மா இருக்கும், மாறும்போதும் மெதுவாக மாறும். ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது போதும். கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் மோடு வேண்டும்; 10 மில்லி செகண்ட் அளவில் மாறிவிடும். கரண்ட் போகும்போது சும்மா இருந்த கம்ப்யூட்டர் பிழைத்துக்கொண்டது, கேம் ஓடிய கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆனது என்று பல வீடுகளில் சொல்வார்கள். இரண்டும் ஒரே மெஷின்தான், லோடுதான் வேறு. அந்த ஸ்விட்ச்சைத் தள்ளியதோடு தீர்ந்த வீடுகள் உண்டு.

உங்களுக்கு முதல் சோதனை இதுதான். யூபிஎஸ்ஸைத் தள்ளி வைத்துவிட்டு, கேபினெட்டை நேராகச் சுவர் பாயிண்ட்டில் செருகுங்கள். தறிக்குப் போகும் லைனிலிருந்து இழுத்த எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டாம். எர்த் இருக்கும் நல்ல மூன்று பின் பாயிண்ட். இடி மின்னல் இல்லாத நாளாகப் பார்த்து சைபர்பங்கை ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். தொல்லை வரவில்லை என்றால் யூபிஎஸ்தான், 1000 விஏக்கு மேல், வாட் அளவு 600 தொடும் ஒன்றாக மாற்றுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸில் ஆக்டிவ் பிஎஃப்சி (சுவர் கரண்டைச் சீராக இழுக்கும் சர்க்யூட்) இருந்தால் சைன் வேவ் யூபிஎஸ் வாங்குவது நல்லது. சதுர அலை தரும் மலிவு யூபிஎஸ்ஸில் சில எஸ்எம்பிஎஸ்கள் பேட்டரிக்கு மாறிய உடனே நின்றுவிடும்.

சுவரில் செருகியும் நின்றால் எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகப்படுங்கள். 350 வாட்டுக்கு 550 தாராளமாகப் போதுமே என்று நீங்கள் கேட்கலாம். சராசரி கணக்கில் போதும். ஆனால் இந்தத் தலைமுறைக் கார்டுகள் சராசரியாக இழுப்பதில்லை. ஒரு பெரிய காட்சி திறக்கும்போது, மில்லி செகண்டுக்கும் குறைவான நேரத்துக்கு, பெயருக்குப் போட்ட வாட்டைவிட மிக அதிகமாகச் சட்டென்று எகிறிவிட்டு இறங்கும். 2022ல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிகள் இதற்காகத்தான் எழுதப்பட்டன: 100 மைக்ரோ செகண்டுக்கு எஸ்எம்பிஎஸ் தன் அளவைப்போல இரண்டு மடங்கு வரை தாங்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அதற்கு முன்னால் வாங்கிய 550 வாட் பெட்டிக்கு இது தெரியாது. பாதுகாப்புச் சர்க்யூட் ஆபத்து என்று நினைத்து மெஷினை நிறுத்திவிடும். இந்தக் கார்டுக்கு என்விடியாவே 650 வாட் எஸ்எம்பிஎஸ்தான் சொல்கிறது.

இதை வாங்காமலே சோதிக்க வழி உண்டு. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் இலவச மென்பொருள், எந்தக் கம்பெனிக் கார்டிலும் வேலை செய்யும். அதில் பவர் லிமிட் என்ற கோட்டை 100லிருந்து 70க்கு இறக்குங்கள். 220 வாட் கார்டு இப்போது சராசரியாக 154க்கு மேல் போகாது. கேமிலும் பிரேம் ரேட்டை 60க்குக் கட்டிவிடுங்கள். பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. இப்படி வைத்து ஓரிரு நாள் ஆடிப்பாருங்கள். தொல்லை அடியோடு நின்றால் கரண்ட் பக்கம் குற்றம் என்று முக்கால்வாசி உறுதி. கால்வாசி ஏன் விடுகிறேன் என்றால், கார்டிலேயே பவர் பகுதி தளர்ந்திருந்தாலும் இதே மாதிரி நிற்கக்கூடும். முழு உறுதிக்கு ஒரே வழி, நண்பர் யாரிடமாவது 650 அல்லது 750 வாட் எஸ்எம்பிஎஸ்ஸைக் கடன் வாங்கிப் போட்டுப் பார்ப்பது.

அப்படி மாற்றும்போது இரண்டு எச்சரிக்கை. உங்கள் கார்டில் இரண்டு பவர் சாக்கெட் இருந்தால் ஒரே கேபிளின் நடுவில் கிளை பிரியும் இரண்டு முனைகளைச் செருகாதீர்கள். 8 பின் சாக்கெட் ஒன்றுக்கு 150 வாட், ஸ்லாட் வழியாக 75 வாட் என்பது கணக்கு. தனித்தனியாக இரண்டு கேபிள் இழுங்கள். பலருக்கு இது ஒன்றே தீர்வாக இருந்திருக்கிறது. இன்னொன்று, கழற்றும் வசதியுள்ள எஸ்எம்பிஎஸ் என்றால் பழைய பெட்டியின் கேபிளைப் புதுப் பெட்டியில் செருகவே கூடாது. முனை பொருந்தும், உள்ளே பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. எஸ்எஸ்டி, ஹார்டு டிஸ்க் எல்லாம் ஒரே நொடியில் எரிந்துபோகும். படங்களும் வேலைகளும் அதில் இருந்தால் திரும்பக் கிடைக்காது.

இப்போது அந்த இன்னொரு கேமுக்கு வருவோம், டெஸ்க்டாப்புக்கு வந்து விழும் கேம். அதற்கும் ரீஸ்டார்ட்டுக்கும் ஒரே காரணமாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எனக்கு அங்கே ராம் மேல்தான் கண். பெரிய கேம் ஒன்று ஓடும்போது சுருக்கி வைத்த தகவலை நொடிக்கு நொடி விரித்து ராமில் போட்டுக்கொண்டே இருக்கும். அதில் ஒரே ஒரு பிட் தப்பாகப் பதிந்தாலும் அந்த நிரல் குழம்பி மூடிவிடும். பிரவுசரில் அதே பிழை வந்தால் படத்தில் ஒரு புள்ளி நிறம் மாறும், நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள். ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பகுதியில் 1000 என்ற எண்ணுள்ள வரியைத் திறந்து, "ஃபால்ட்டிங் மாடியூல்" என்ற இடத்தில் என்ன பெயர் இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் குறித்து வையுங்கள். எப்போதும் ஒரே பெயர் என்றால் அந்த கேமோ டிரைவரோ. தடவைக்குத் தடவை வேறு வேறு பெயர் என்றால் ராமைப் பிடியுங்கள்.

உங்கள் பிராசசருக்கு ஏஎம்டி சொல்லும் ராம் வேகம் இரண்டு ஸ்டிக் போட்டால் 3200. நான்கு ஸ்டிக் போட்டால் அது 2933க்கோ 2667க்கோ இறங்கும், ராமின் வகையைப் பொறுத்து. நீங்கள் வேறு வேறு கம்பெனி நான்கையும் எக்ஸ்எம்பி (பயாஸில் ராமைக் கூடுதல் வேகத்துக்கு ஏற்றும் அமைப்பு) போட்டு 3200ல் ஓட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். சில மெஷின்கள் தாங்கும், சில தாங்காது. புதிதாகச் சேர்த்த இரண்டையும் கழற்றிவிட்டு, பழைய இரண்டையும் பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போட்டு அதே கேமை ஆடுங்கள். தொல்லை நின்றால் விடை கிடைத்துவிட்டது. 32 ஜிபி கட்டாயம் வேண்டும் என்றால் பயாஸில் எக்ஸ்எம்பியை எடுத்துவிட்டு 2666ல் ஓட்டிப் பாருங்கள். ஏதாவது ஸ்டிக்கே பழுதா என்று அறிய மெம்டெஸ்ட்86 போன்ற கருவியைப் பென்டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். காலையில் ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ஸ்டிக்கோ அந்த வேகமோ நம்பத்தக்கதல்ல. விண்டோஸோடு வரும் மெமரி டெஸ்ட் லேசானது, அதில் பாஸானதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். ராமின் தங்கநிற முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்க்கும் பழக்கம் கடைகளில் உண்டு. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய துணியால் துடைப்பதே போதும், ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் போகாது.

சூடு பற்றி எல்லோரும் முதலில் சொல்வார்கள். ஏப்ரல், மே மாதத்தில் சேலத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் பிராசசரும் கார்டும் சூடானால் உடனே சாவதில்லை, முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உங்கள் பிராசசருக்கு வரம்பு 90 டிகிரி, கார்டுக்கு 93. எச்டபிள்யூ இன்ஃபோ என்ற வெப்பம் காட்டும் மென்பொருளைப் போட்டு கேம் ஓடும்போது பாருங்கள். 75, 80ல் இருந்துகொண்டு படக்கென்று போனால் அவற்றின் சூடு காரணம் இல்லை. கார்டின் சாதாரண வெப்பத்துக்கும் ஹாட் ஸ்பாட் (சிப்பின் மிகச் சூடான இடம்) வெப்பத்துக்கும் 25 டிகிரிக்கு மேல் இடைவெளி இருந்தால் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், செகண்ட் ஹேண்ட் கார்டில் இது சகஜம்.

சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸின் சூட்டை மென்பொருள் காட்டாது. தறி வீட்டில் அதுதான் எனக்குக் கவலை. பல கேபினெட்டுகளில் எஸ்எம்பிஎஸ் அடியில் உட்கார்ந்து தரைக் காற்றை இழுக்கும். குகை, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கத்து மெஷின்களைத் திருப்பிப் பார்த்தால் அந்தக் கிரில்லின் மேல் பஞ்சு வெள்ளையாக அடைந்திருக்கும். வெறும் தூசி ஊதினால் பறக்கும், இது பறக்காது. பாவு நூலில் போட்ட கஞ்சியின் மாவும் பஞ்சோடு சேர்ந்து படிந்திருப்பதால், நகத்தால் ஓரத்தைத் தூக்கினால் துணி மாதிரி முழுசாக உரிந்து வரும். அதற்குப் பின்னால் காற்றே போகாமல் எஸ்எம்பிஎஸ் வெந்துகொண்டிருக்கும். லோடு ஏறி, உள்ளே வெப்பம் எல்லை தாண்டினால் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். ஃபில்ட்டரை வாரம் ஒருமுறை உரித்துத் தட்டுங்கள். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அதிவேகத்தில் சுற்றி பேரிங் கெடும். கேபினெட்டைத் தரையில் வைக்காமல் மேஜைமேல் வைத்தாலே பாதி பஞ்சு குறையும். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள். ஒயரைக் கழற்றிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும்.

உங்கள் கேள்வியின் கீழே ஏற்காட்டிலிருந்து ஒருவர் கேட்டிருந்ததையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், இதே குடும்பத்துப் பிரச்சினைதான். எஸ்டேட் வீட்டில் கேம் போட்டால் நிற்கிறது. சேலம் கடைக்குக் கொண்டுவந்தால் நன்றாக ஓடுகிறது. மேலே கொண்டுபோனால் திரும்ப நிற்கிறது. இதில் மர்மம் இல்லை. கடையில் முதல் வேலையாகக் கார்டையும் ராமையும் கழற்றித் துடைத்து மாட்டுவார்கள், ஓடும். பிறகு ஒரு கிலோ எடையுள்ள கார்டு ஸ்லாட்டில் தொங்கியபடியே 20 கொண்டை ஊசி வளைவு ஏறும். வீடு போய்ச் சேரும்போது ஒரு ஓரம் நூலளவு எழும்பியிருக்கும். டெஸ்க்டாப் வரும், லேசான கேம் ஓடும், கனமான கேமில் விழும். ஈவென்ட் வியூவரில் அந்த 17ஆம் எண் வரிசையாக இருக்கக்கூடும். மலை ஏற்றும்போது கார்டைத் தனியாகக் கழற்றி அதன் பெட்டியில் வையுங்கள், மேலே போய் மாட்டி ஸ்க்ரூவை இறுக்குங்கள், கார்டின் வால் பக்கத்துக்குக் கீழே ஒரு தாங்கி கொடுங்கள்.

கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறது என்றும் அவர் எழுதியிருந்தார். எர்த் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே இருக்கும் ஃபில்ட்டர் கெப்பாசிட்டர்கள் எர்த் கிடைக்காதபோது கேபினெட்டின் உடம்பை மெயின்ஸின் பாதி வோல்டேஜ் அளவுக்குத் தூக்கி நிறுத்தும். சேர்வராயன் மலையில் கொஞ்சம் தோண்டினாலே பாறை, எர்த் குழி ஒழுங்காகப் பிடிப்பது சிரமம்தான். அதற்காக விட்டுவிட முடியாது. கோடை மழைக்கு முன் இடி இறங்கும் ஊரில் எர்த் இல்லாத ஸ்பைக் பஸ்டர் இருந்தும் இல்லாதது போல. எலெக்ட்ரீஷியனை வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வோல்டேஜை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். சில வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

வன்பொருளில் குற்றமே இல்லாமல் சில கேம்கள் மட்டும் விழுவதும் உண்டு. 2024 கடைசியில் விண்டோஸ் 11ன் 24எச்2 பதிப்பு வந்தபோது யூபிசாஃப்ட்டின் சில கேம்கள் உறைந்தும் மூடியும் போயின. அந்த கேம்கள் இருக்கும் மெஷின்களுக்கு மைக்ரோசாஃப்ட்டே அந்த அப்டேட்டைச் சில காலம் நிறுத்தி வைத்தது. அப்படிப்பட்ட நேரத்தில் கார்டை மாற்றியவர்களுக்கு ஒரு பயனும் இருந்திருக்காது. அதனால் டெஸ்க்டாப்புக்கு வந்து விழும் கேமுக்கு ராம் சோதனைக்கு முன் ஸ்டீமில் கேம் ஃபைல்களை வெரிஃபை செய்துவிடுங்கள், கேம் திரையின் மேல் மிதக்கும் ஓவர்லேக்களை நிறுத்துங்கள். வேகம் கூடும் என்று யாராவது பேஜ் ஃபைலை (ராம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடம்) அணைக்கச் சொல்லி அணைத்திருந்தால் திரும்பப் போடுங்கள். பெரிய கேம்கள் அது இல்லாமல் இடம் போதாமல் மூடிவிடும். டிரைவரை டிடியூ என்ற நீக்கும் மென்பொருளை வைத்து சேஃப் மோடில் சுத்தமாக நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள், ஒரு மணி நேர வேலை.

இன்டெல் பிராசசர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் தேவைக்கு மேல் வோல்டேஜ் போய்ச் சிப்பே மெல்ல மெல்லத் தளர்வதை 2024ல் இன்டெல் ஒப்புக்கொண்டது. அன்ரியல் எஞ்சினில் செய்த கேம்கள் ஷேடர் (காட்சி வரையும் சிறு நிரல்) தயார் செய்யும்போது "வீடியோ மெமரி போதவில்லை" என்று சொல்லி மூடின. அதைப் படித்த யாரும் கார்டைத்தான் சந்தேகப்படுவார்கள், கெட்டிருந்தது பிராசசர். 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் இதற்கான மைக்ரோகோடு (பிராசசரின் உள் நிரல்) பயாஸ் அப்டேட்டாக வந்தது. அது இனிமேல் கெடாமல் காக்கும், ஏற்கெனவே கெட்டதைச் சரிசெய்யாது. பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரண்டியை இரண்டு வருடம் நீட்டியிருக்கிறார்கள், பில்லைத் தேடி எடுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு கார்டுதான் என்றால், அதையும் நேராகப் பிடிக்கலாம். என்விடியா கன்ட்ரோல் பேனலில் ஹெல்ப் மெனுவில் டிபக் மோடு என்று ஒன்று இருக்கிறது. கம்பெனிக்காரர் ஏற்றி வைத்த ஓவர்கிளாக்கை நீக்கி என்விடியாவின் அடிப்படை வேகத்துக்குக் கொண்டுவரும். அதில் ஓடினால், ஏற்றிய வேகத்தைத் தாங்க முடியாத அளவுக்குக் கார்டு தளர்ந்திருக்கிறது. வேகத்தைக் கொஞ்சம் குறைத்தே வைத்து இன்னும் சில காலம் ஓட்டலாம். பவர் லிமிட் 70லும் நின்றால், திரையில் கட்டம் கட்டமாக நிறம் சிதறினால், நண்பரின் மெஷினில் போட்டும் அதே கேமில் விழுந்தால், கார்டேதான்.

அப்போது கார்டை மட்டும் எடுத்துக்கொண்டு விற்றவரிடம் போங்கள். ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருளைப் பத்து நிமிடம் ஓட்டிக் காட்டி "நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். அது ஒரே சீரான லோடு, எகிறி இறங்கும் லோடு இல்லை. அதில் பாஸாவது உங்களுக்குப் பதில் ஆகாது. நீங்கள் ஆடும் அதே கேமை அவர்கள் மெஷினில் போட்டு, உங்கள் கண்முன் அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். சீரியல் நம்பரை வைத்துக் கம்பெனி வாரண்டி மிச்சம் இருக்கிறதா என்றும் அங்கேயே பார்த்துவிடுங்கள். சில கம்பெனிகள் முதலில் வாங்கியவர் யார் என்று பார்க்காமல் சீரியல் நம்பருக்கே வாரண்டி தருகின்றன.